ஹெல்பராகச் சேர்கிறவர் மாஸ்டராக வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமேசுவரம் தீவிலும், மண்டபம், உச்சிப்புளி சாலையோரத்திலும் தங்கும் விடுதிகளும் உணவகங்களும் பெருகிக்கொண்டே வருகின்றன. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டு ரயில்கள் மீண்டும் தீவுக்குள் வரத் தொடங்கியபின், விடுமுறை நாள்களில் இங்குள்ள சமையற்கூடங்களில் அடுப்பு அணைவதே இல்லை. 'சமையலுக்கு ஆள் தேவை' என்ற அட்டை பல கடைகளின் வாசலில் நிரந்தரமாகவே தொங்குகிறது. ஆனால் தங்கச்சிமடத்திலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் இவ்வேலையில் சேர்ந்த இளைஞர்களில் பலர் ஓரிரு ஆண்டுகளில் அதை விட்டுவிட்டு, கைப்பேசிக் கடைக்கோ பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கோ போய்விடுகிறார்கள். முதலாளிகளைக் கேட்டால், ஆள் நிற்பதில்லை என்கிறார்கள். இளைஞர்களைக் கேட்டால், நின்று என்ன ஆகப்போகிறது என்கிறார்கள். சென்னையிலும் பின்னர் வளைகுடா நாடொன்றிலும் பெரிய விடுதிகளின் சமையற்கூடங்களில் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது மண்டபத்தில் வசித்துவருபவன் நான். இளைஞர்களின் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைத்தால் முதலாளிகளின் குறையும் பெருமளவு தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. அதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக மாவட்ட நிர்வாகத்தின் பார்வைக்கும் உணவக உரிமையாளர்களின் பார்வைக்கும் கொண்டுசெல்ல விரும்புகிறேன்.

நட்சத்திர விடுதியில் புதிதாகச் சேரும் ஒருவர் கமி-3 என்ற நிலையில் தொடங்குகிறார். அங்கிருந்து கமி-2, கமி-1, டெமி சி.டி.பி., சி.டி.பி. (ஒரு பிரிவின் பொறுப்பாளர்), சூ செஃப், எக்ஸிகியூட்டிவ் செஃப் என்று மேலே போவதற்கான வரிசை எல்லாருக்கும் தெரிந்தது. பிரெஞ்சுச் சமையற்கலைஞர் எஸ்கோஃபியே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் சவாய் விடுதியில் ஒழுங்குபடுத்திய பிரிவு முறையின் வழிவந்தது இது. பதவிப் பெயர்கள் நமக்கு முக்கியமில்லை. அந்த வரிசைக்குப் பின்னால் உள்ள நடைமுறைதான் முக்கியம். புதியவர் சில மாதம் காய்கறிப் பிரிவிலும், சில மாதம் இறைச்சியும் மீனும் வெட்டும் பிரிவிலும், பின்னர் குழம்பு, தந்தூர், குளிர் உணவு, பேக்கரி என்று ஒவ்வொன்றிலும் மாறி மாறி வேலை செய்கிறார். ஒரு பிரிவில் கையும் கண்ணும் தேறியபின் அடுத்ததற்கு அனுப்பப்படுகிறார். எல்லாப் பிரிவையும் ஓரளவு அறிந்தவரே பின்னாளில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பேற்க முடிகிறது.

நம் ஊர் உணவகங்களில் அப்படிப்பட்ட வரிசை இல்லை. கிளீனராகவோ ஹெல்பராகவோ சேர்கிறவர் வெங்காயம் உரிக்கிறார், மாவு பிசைகிறார், பாத்திரம் எடுத்துக்கொடுக்கிறார். பரோட்டா மாஸ்டர், தோசை மாஸ்டர், சாம்பாரும் குழம்பும் வைக்கும் சரக்கு மாஸ்டர், தந்தூரி மாஸ்டர், சைனீஸ் மாஸ்டர் என்று ஒவ்வொரு அடுப்பும் ஒருவருக்கு உரியதாக இருக்கிறது. எந்த மாஸ்டரிடம் போய் விழுகிறாரோ அந்த அடுப்போடு அந்தப் பையனின் காலம் கழிகிறது. பரோட்டாக் கல்லில் பத்து ஆண்டு நின்றவருக்குச் சாம்பார் வைக்கத் தெரியாது. சரக்கு மாஸ்டரிடம் வளர்ந்தவருக்கு மாவின் பதம் தெரியாது. அந்த மாஸ்டர் வேறு கடைக்குப் போகும்போது தம்முடைய ஆள்களையும் அழைத்துக்கொண்டு போவது வழக்கம். பையனின் வளர்ச்சி அவருடைய விருப்பத்தை மட்டுமே நம்பி நிற்கிறது.

மாஸ்டர்கள் கற்றுக்கொடுப்பதில்லை, மசாலாக் கணக்கை மறைத்துவைக்கிறார்கள் என்று பலரும் குறை சொல்கிறார்கள். அந்தக் குறை உண்மைதான் என்றாலும், அதற்கான காரணத்தைப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. நியமனக் கடிதமும் பணிப் பாதுகாப்பும் இல்லாமல் நாள்கூலியும் பேட்டாவும் வாங்கி வேலை செய்யும் ஒரு மாஸ்டருக்குக் கைப்பக்குவம் ஒன்றே சொத்து. அதைப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், பாதிச் சம்பளத்துக்கு அந்தப் பையனையே அடுப்பில் நிறுத்திவிட்டுத் தம்மை அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் அவருக்கு இருக்கிறது. அப்படி நடந்த கடைகளும் உண்டு. ஆகவே பெருந்தன்மையோடு கற்றுக்கொடுங்கள் என்று மாஸ்டர்களுக்கு உபதேசம் செய்வதால் எதுவும் மாறாது. ஒரு பையனைத் தேற்றிவிட்டால் மாஸ்டருக்கு அதற்கென்று தனியாக ஒரு தொகை தரப்பட வேண்டும். தேறியவர் மேலே வரும்போது மாஸ்டரும் ஒரு படி மேலே போக வேண்டும். இந்த இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர்களுக்கு இது புதுமையாக இராது. உணவு நிறுவனத் தொழிலாளர்களுக்கென்று 1958ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோ தொழிலாளர் அனைவருக்கும் நியமனக் கடிதம் தரப்பட வேண்டும் என்கின்றன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடும், இருபது பேரோ அதற்கு மேலோ என்றால் வருங்கால வைப்புநிதியும் பொருந்தும் என்பதும் பழைய செய்தி. இவற்றைப் பின்பற்றும் கடையில் ஆள் நிற்கிறாரா இல்லையா என்பதை உரிமையாளர்கள் ஒரு முறை சோதித்துப் பார்க்கலாம்.

புதியவர் எதைக் கற்க வேண்டும் என்பதிலும் நமக்குத் தெளிவு வேண்டும். கைப்பேசியில் பார்க்கும் காணொளிகளால், உயரத் தூக்கிப் போடுவதும் தீயைக் கிளப்புவதும்தான் சமையல் திறமை என்ற எண்ணம் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. பெரிய சமையற்கூடத்தில் வேலைக்கு எடுப்பவர்கள் அதைப் பார்ப்பதில்லை. கத்தியை எப்படிப் பிடிக்கிறார், ஒரே அளவாக வெட்டுகிறாரா, வேலை செய்யும் மேடையைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்கிறாரா, எடை போட்டுச் செய்கிறாரா, கணக்குத் தெரியுமா என்பவற்றையே பார்க்கிறார்கள். இவற்றுள் கணக்குதான் நம் பையன்களை நிறுத்திவைக்கும் இடம் என்பது என் அனுபவம்.

மீனையே எடுத்துக்கொள்வோம். கிலோ 400 ரூபாய்க்கு ஒரு விளைமீன் வாங்குவதாகக் கொள்வோம். தலை, செதில், குடல், நடுமுள் எல்லாம் போக 45 விழுக்காடு சதை தேறினால், அந்தச் சதையின் அடக்கவிலை கிலோ 890 ரூபாயை நெருங்கிவிடுகிறது. தட்டுக்கு 150 கிராம் வைத்தால் மீனுக்கு மட்டும் 133 ரூபாய் ஆகிறது. மூலப்பொருள் செலவு விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது தொழிலில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. எண்ணெயையும் மசாலாவையும் சேர்க்காமலே அந்தத் தட்டின் விலை 400 ரூபாய் ஆகிறது என்பதை ஒரு சி.டி.பி. மனத்துக்குள்ளேயே போட்டுப் பார்த்துவிடுவார். சதை 45 விழுக்காட்டிலிருந்து 40 ஆகக் குறைந்தால் அடக்கவிலை கிலோ 1,000 ரூபாய். ஆகவே மீனைச் சுத்தம் செய்பவரின் கத்தி சற்றுத் தடுமாறினாலே கடைக்கு நட்டம் வந்துவிடுகிறது. (தலையை எறிந்துவிட்டுக் கணக்குப் போடுவது பிற ஊர்ப் பழக்கம். நம் பக்கத்தில் தலைக்கறிக்குத் தனி விலை உண்டு என்பதையும், முள்ளைக் கொதிக்கவைத்த சாறு குழம்புக்கு ஆகும் என்பதையும் சேர்த்துப் போடும்போது கணக்கு மாறும். அப்படி மாற்றிப் போடத் தெரிந்த பையன் எந்த விடுதிக்கும் வேண்டியவன்.)

இந்தக் கணக்கை யாராவது ஒருவர் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் நம் பையன்களுக்கு ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும். ஏனென்றால் அதற்கு முந்தைய பாடம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. செவுள் நிறத்தையும் கண்ணின் துருத்தலையும் பார்த்து மீன் எப்போது கரையேறியது என்று சொல்லக்கூடிய பதினெட்டு வயதுப் பையன் பாம்பனில் சாதாரணம். நண்டைக் கையில் தூக்கிப் பார்த்தே சதை நிறைந்ததா வெற்றோடா என்று சொல்லிவிடுவான். கணவாயை இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும், தவறினால் முக்கால் மணி நேரம் வேகவிட வேண்டும், இடையில் எடுத்தால் ரப்பராக இருக்கும் என்பது அவன் தாயாரிடம் பார்த்தது. சமையற்கலைக் கல்லூரியில் படித்து வருபவர்கள் ஆண்டுக்கணக்கில் தேடிப் பெறும் அறிவு இது. ஆயினும் நேர்காணலில் இவனால் அதைச் சொல்ல முடிவதில்லை. காரணம் கேட்டால் தெரியாது என்கிறான். சூரை மீனைப் பிடித்தவுடன் பனிக்கட்டியில் வைக்காவிட்டால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது, பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது அழிவதில்லை, உண்பவருக்கு முகம் சிவந்து தடிப்பும் தலைவலியும் வருவது அதனால்தான் என்ற விளக்கம் அவனுக்குக் கிடைத்துவிட்டால், 'சூரை நேரங்கெட்டால் ஆகாது' என்று வீட்டில் கேட்டது தொழில் அறிவாகிவிடும். 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடையில் சமைத்த உணவை நெடுநேரம் வைக்கக் கூடாது என்ற விதியும் அப்படிப்பட்டதே. உணவைப் பாதுகாப்பாகக் கையாளக் கற்றுத்தரும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்டாக் (FoSTaC) பயிற்சி ஒரு நாளுக்குள் முடிந்துவிடுகிறது. உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது அதில் தேறிய மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்று ஆணையம் எதிர்பார்க்கிறது. அந்தச் சான்றிதழைக் கடை முதலாளியோ கணக்குப்பிள்ளையோ வாங்கிவைத்துக்கொள்வதற்குப் பதிலாக, ஓராண்டு முடித்த ஹெல்பரை அனுப்பினால் என்ன?

சான்றிதழ் என்றதும் பட்டப்படிப்பைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். தரமணியிலும் திருச்சியிலும் உள்ள உணவக மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள் நல்லவை. வசதியும் மதிப்பெண்ணும் உள்ளவர்கள் அங்கே போகட்டும். தொண்டியிலோ மூக்கையூரிலோ குடும்பத்துக்குச் சம்பாதித்துத் தர வேண்டிய நிலையில் உள்ளவருக்கு மூன்று ஆண்டுப் படிப்பு எட்டாது. பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கென வகுக்கப்பட்ட 'உணவு தயாரிப்பு - பொது' என்ற ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களை (அப்ரண்டிஸ்களை) எடுத்தே ஆக வேண்டும். நான்கு பேர் உள்ள சிறிய நிறுவனமும் விரும்பினால் எடுக்கலாம் என்று 2019இல் விதி தளர்த்தப்பட்டது. பழகுநருக்குத் தரும் உதவித்தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு. ராமேசுவரம் தீவிலுள்ள ஒரு நடுத்தர உணவகம் இதனால் பயன்பெற முடியும். நான் பேசிப் பார்த்த உரிமையாளர்களில் எவரும் இத்தகைய ஏற்பாட்டைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

ஏற்கெனவே வேலை தெரிந்து கையில் தாள் இல்லாதவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்று தரும் முறை, ஆங்கில எழுத்துகளில் ஆர்.பி.எல். என்று வழங்குவது, பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருந்துவருகிறது. சமைத்துக் காட்டச் சொல்லி மதிப்பிடுவார்கள். வகுப்பில் ஆண்டுக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை. கீழக்கரைத் திருமணங்களில் ஒரே பெரிய தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் சஹன் விருந்துக்கு நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் பிரியாணி இறக்கும் பண்டாரிகளும், தொதல் கிண்டுவதில் பேர்பெற்ற கைகளும் இந்த மாவட்டத்தில் உள்ளன. 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளிதோறும் சமைத்துவரும் மகளிர் குழுப் பெண்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். நாள்தோறும் குறித்த நேரத்தில், குறித்த அளவில், குறித்த பட்டியலின்படி சமைப்பவர்கள் அவர்கள். எந்த விடுதியிலும் இதற்குப் பெயர் மொத்தச் சமையல் அனுபவம். ஆனால் அவர்களில் ஒருவர் ஒரு விடுதிச் சமையற்கூடத்தில் வேலை கேட்டால், காய்கறி நறுக்க மட்டுமே அழைக்கிறார்கள். பெண்களுக்கு உடைமாற்றும் அறையும் இரவில் வீடு திரும்ப வண்டியும் இல்லாத சமையற்கூடத்தில் பதவி உயர்வைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வெளிநாடு போவதைப் பற்றிச் சில சொற்கள். இந்தக் கடற்கரையில் சமையல் வேலைக்குச் சேர்பவர்களில் பாதிப் பேரின் மனத்தில் வளைகுடா இருக்கிறது. போகட்டும், நானும் போனவன்தான். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை விழுகிறது. அவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் இணையதளம் வழியாக அனுமதி பெற்றாக வேண்டும். பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. ஆனால் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை இன்றும் பார்க்கிறோம். பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஒப்பந்தத்திலும் விசாவிலும் 'கிளீனர்' என்று எழுதி அழைத்துச் சென்று அங்கே சமைக்கவைப்பார்கள். எத்தனை ஆண்டு சமைத்தாலும் தாளில் அவர் கிளீனர்தான். திரும்பி வந்தபின் அந்த அனுபவத்தை எந்த விடுதியும் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ஆகவே சம்பளத்தைக் கேட்பதற்கு முன் பதவியின் பெயரைக் கேட்க வேண்டும். கப்பலில் சமையல்காரராக விரும்புபவர்களுக்கு வழி இன்னும் கடினமானது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி கப்பல் சமையல்காரர் பயிற்சியும் தகுதியும் பெற்றவராக, 18 வயதுக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். இந்தியா அதை 2015இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. பயிற்சியே இல்லாமல் கப்பல் வேலைக்கான சி.டி.சி. என்ற ஆவணத்தை வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் தரகரை நம்பி நகையை அடகு வைக்க வேண்டாம்.

இளைஞர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒரு கடை மாறுகிறவர், எந்த மாஸ்டரும் நம்பிக் கரண்டியைக் கையில் கொடுக்குமுன்பே வெளியேறிவிடுகிறார். முதல் சமையற்கூடத்தில் ஓராண்டாவது நிற்க வேண்டும். கிளம்பும்போது அனுபவச் சான்றை எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். அதுவரை ஒரு நாற்பது பக்க நோட்டில், அன்று செய்த வேலை, எடை, எத்தனை பேருக்கு, எவ்வளவு மிச்சமானது என்பதைத் தமிழிலேயே எழுதிவர வேண்டும். ஆங்கிலம் தெரியவில்லை என்று வருந்துபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த நோட்டை எடுத்து நீட்டியவரை நான் வேலைக்கு எடுத்திருக்கிறேன். நோட்டு இல்லாமல் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசியவர்களைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன்.

உரிமையாளர்கள் ஒரு மறுப்பைச் சொல்வார்கள் என்பதை அறிவேன். கற்றுக்கொடுத்தால் பையன் வேறு கடைக்கு ஓடிவிடுவான் என்பது அது. கற்றுக்கொடுக்காதபோதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறான். ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவு, ஒவ்வொன்றும் தேறியபின் இவ்வளவு உயர்வு என்று சுவரில் எழுதி ஒட்டிய கடையில் அடுத்த ஆறு மாதத்தைப் பையன் தானே எண்ணிக்கொண்டு நிற்பான். பெரிய செலவும் இதற்கு ஆகாது. இரண்டு மாஸ்டர்கள் உள்ள சிறிய கடையில்கூட, பரோட்டாக் கல்லில் நிற்கும் பையனும் சரக்கு அடுப்பில் நிற்கும் பையனும் வாரத்தில் இரண்டு நாள் இடம் மாறி நிற்கலாம். கூட்டம் மிகுந்த ஆடி, தை அமாவாசை நாள்களில் இது முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆண்டின் மற்ற நாள்களில் முடியும்.

இதைத் தொடங்குவதற்கு நம் மாவட்டத்தில் இயல்பாகவே ஒரு காலம் அமைந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கிறது. விசைப்படகில் கூலிக்குப் போகும் இளைஞர்கள் அந்த நாள்களில் வேலையின்றி இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாவதும் அதே காலத்தில்தான். கோடை விடுமுறையில் ராமேசுவரத்துக்கு வருவோர் கூட்டம் பெருகி, உணவகங்கள் தற்காலிக ஆள்களைத் தேடி அலைவதும் அப்போதுதான். ஆகவே மாவட்ட நிர்வாகமும் வேலைவாய்ப்பு அலுவலகமும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களும் உணவக உரிமையாளர்களும் சேர்ந்து, அந்த இரண்டு மாதத்தில் காலையில் வகுப்பும் மாலையில் கடையில் சம்பளத்தோடு வேலையுமாக ஒரு குறுகிய பயிற்சியை நடத்த வேண்டும். முடிவில் ஃபாஸ்டாக் சான்றும், ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு ஆர்.பி.எல். மதிப்பீடும் ராமேசுவரத்திலேயே கிடைக்கச் செய்ய வேண்டும். சேர்பவர் ஒவ்வொருவருக்கும் எந்தப் பிரிவில் எத்தனை மாதம் இருந்தார், எதில் தேறினார் என்று மாஸ்டரும் உரிமையாளரும் கையெழுத்திடும் ஒரு சிறிய பதிவேடு தரப்பட வேண்டும். கடை மாறினாலும் அந்தப் பதிவேடு அவரோடு போக வேண்டும்.

இதற்கான ஆலோசனைக் கூட்டத்தை மாவட்ட ஆட்சியர் மார்ச் மாதத்துக்குள் கூட்டினால், வரும் தடைக்காலத்திலேயே முதல் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். உரிமையாளர்களோடு மாஸ்டர்களையும் அக்கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் என்று அறிவித்தால் மதியச் சமையலை விட்டுவிட்டு ஒரு மாஸ்டரும் வர இயலாது. பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை அவர்களுக்கு ஓய்வு இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சமையற்கலைஞர் ஒருவர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.